அரும்பாவூர் மரச்சிற்பங்கள்

அரும்பாவூர் மரச்சிற்பங்கள் என்பவை தமிழ்நாட்டின் பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை வட்டத்தில் அமைந்துள்ள அரும்பாவூர் பேரூராட்சியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கையால் செதுக்கப்படும் மரச்சிலைகளும் பிற மரவேலைப்பாடுகளும் ஆகும். இவற்றுக்கு 2020 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வாங்குபவர் சிற்பியை நேரில் காணாமல் இணையவழி வாங்கும் நிலையில், ஊர்ப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்புத் தரும் இக்குறியீடு இத்தொழிலில் முக்கிய இடம் பெறுகிறது.

அமைவிடம்

அரும்பாவூர் பச்சைமலை அடிவாரப் பகுதியில் அமைந்துள்ளது. 1995 இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட பெரம்பலூர் மாவட்டம் பெரிதும் மானாவாரி வேளாண்மையைச் சார்ந்தது. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியன இங்கு முக்கியப் பயிர்கள். இவ்வேளாண் பகுதியின் தனித்த கைத்தொழிலாக மரச்சிற்பம் விளங்குகிறது.

அருகிலுள்ள சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியும், வடக்கேயுள்ள கள்ளக்குறிச்சியும் மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற ஊர்களே. இம்மூன்று ஊர்களின் மரச்சிற்பங்களும் தனித்தனியே புவிசார் குறியீடு பெற்றுள்ளன.

பயன்படும் மரங்கள்

வாகை, மா, வேம்பு, ஈட்டி முதலிய மரங்கள் பயன்படுத்தப்படுகின்றன. மரத்தின் நடுப்பகுதியான வைரம் உறுதியானது. வெளிப்பகுதியான வெளிறு பூச்சியரிப்புக்கு எளிதில் ஆளாகும். ஆகவே வைரம் பாய்ந்த கட்டைகளே சிலைகளுக்கு ஏற்றவை. ஈரம் வற்றாத மரத்தில் செதுக்கினால், காயும்போது மரம் சுருங்கிப் பிளவு ஏற்படும். எனவே மரத்தை உலர்த்துவதற்கு ஆகும் காலமும் ஒரு சிலையின் உற்பத்திக் காலத்துள் அடங்கும்.

செய்முறை

சிலைகள் பெரும்பாலும் ஒரே மரத்துண்டில் செதுக்கப்படுகின்றன. முதலில் கட்டை தேவையான அளவுக்கு அறுக்கப்பட்டு, அதன்மீது உருவம் வரையப்படுகிறது. பின்னர் உளியும் கொட்டாப்புளியும் கொண்டு வேண்டாத பகுதிகள் நீக்கப்பட்டு உருவத்தின் புறவடிவம் கொண்டுவரப்படுகிறது. அடுத்து வெவ்வேறு அகலமும் வளைவும் உடைய உளிகளால் முகம், விரல்கள், அணிகலன்கள், ஆடை மடிப்புகள் ஆகியன செதுக்கப்படுகின்றன. இறுதியில் அரமும் உப்புத்தாளும் கொண்டு தேய்த்து, மெருகூட்டப்படுகிறது.

தெய்வ உருவங்களுக்குச் சிற்ப நூல்கள் கூறும் தால அளவு அடிப்படையாகும். தாலம் என்பது முகத்தின் நீளத்தைக் குறிக்கும் அளவு. ஒரு தாலம் 12 அங்குலம். இங்கு அங்குலம் என்பது நிலையான அளவன்று. சிலையின் முழு உயரத்தைப் பகுத்துப் பெறும் ஒரு பங்காகும். எடுத்துக்காட்டாக, உத்தம தசதால முறையில் உருவத்தின் உயரம் 124 பங்குகளாகப் பிரிக்கப்படுகிறது. இதனால் ஓரடிச் சிலையிலும் ஆறடிச் சிலையிலும் உறுப்புகளின் விகிதம் மாறுவதில்லை. இவ்வேலைப்பாட்டை நாட்டுப்புறக் கலை என்று பொதுவாக வகைப்படுத்தினாலும், இது வரையறுத்த அளவு முறையைப் பின்பற்றும் கலை என்பது குறிப்பிடத்தக்கது.

தெய்வச் சிலைகளுடன் கோயில் தேர்களுக்கான சிற்பங்கள், வாகனங்கள், கதவு வேலைப்பாடுகள், வீட்டு அலங்காரப் பொருள்கள் ஆகியனவும் செய்யப்படுகின்றன.

புவிசார் குறியீடு

இந்தியாவில் பொருள்களின் புவிசார் குறியீடுகள் சட்டம் 1999 இல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. இதற்கான பதிவகம் சென்னையில் உள்ளது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், அதன்பின் புதுப்பித்துக்கொள்ளலாம்.

வணிகக் குறியைப்போல் இதனைத் தனியொருவர் உரிமையாக்கவோ விற்கவோ இயலாது. பதிவேட்டின் முதற்பகுதியில் பொருளும், அதனைப் பதிவு செய்த அமைப்பும் இடம்பெறும். இரண்டாம் பகுதியில் அக்குறியீட்டைப் பயன்படுத்த உரிமை பெற்ற உற்பத்தியாளர்கள் தனித்தனியே பதியப்படுவர். ஆகவே ஊர்ப்பொருளுக்குக் குறியீடு கிடைத்ததனால் மட்டும் ஒவ்வொரு சிற்பிக்கும் பதிவுபெற்ற பயனருக்குரிய உரிமை தானாகக் கிடைத்துவிடுவதில்லை. அவர் தனியே விண்ணப்பிக்க வேண்டும். இதற்கான விண்ணப்பக் கட்டணம் 2020 ஆம் ஆண்டு விதித் திருத்தத்தின் மூலம் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. குறியீட்டைப் போலியாகப் பயன்படுத்துவது தண்டனைக்குரிய குற்றமாகும்.

அண்டை மாவட்டமான அரியலூரிலும் இதற்கு ஒப்பான நிலை உள்ளது. உடையார்பாளையம் வட்டத்துக் கருப்பூரில் பருத்தித் துணியில் சாயங்களால் கையால் வரையப்படும் கலம்காரி ஓவியங்கள் 2021 இல் புவிசார் குறியீடு பெற்றன. கோயில் குடைகள், தேர்ச்சீலைகள், விதானங்கள் ஆகியவற்றில் இத்துணிகள் பயன்படுகின்றன. அரும்பாவூரின் மரமும் கருப்பூரின் துணியும் கோயில் தேவையைச் சார்ந்து வளர்ந்து, இன்று வீட்டு அலங்காரத்துக்கும் வாங்கப்படுபவை.

இணையவழி விற்பனை

1973 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் "பூம்புகார்" என்னும் பெயரில் கைவினைப் பொருள்களை விற்பனை நிலையங்கள் வழியாகவும் இணையத்திலும் விற்றுவருகிறது. தனியார் இணையச் சந்தைகளில் விற்க விரும்பும் சிறு விற்பனையாளர்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு ஒரு தடையாக இருந்தது. குறிப்பிட்ட விற்றுமுதல் வரம்புக்கு உட்பட்டவர்கள் பதிவின்றியே தம் மாநிலத்துக்குள் இச்சந்தைகள் வழியாகப் பொருள்களை விற்க 2023 அக்டோபர் 1 முதல் வழிசெய்யப்பட்டது.

ஈட்டி மரப் பொருள்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும்போது வேறொரு விதியும் பொருந்தும். ஈட்டி உள்ளிட்ட தால்பெர்சியா இன மரங்கள் 2017 சனவரி 2 முதல் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இடம்பெற்றுள்ளன. வாகை, மா, வேம்பு ஆகிய மரங்களுக்கு இக்கட்டுப்பாடு இல்லை.

இணையவழி விற்பனையில் இத்தொழிலின் இயல்பே சில இடர்ப்பாடுகளைத் தருகிறது. சிலைகள் எடை மிகுந்தவை. நீட்டிய விரல்களும் திருவாசியும் வழியில் உடையக்கூடியவை. கையால் செதுக்கப்படுவதால் ஒரே உருவத்தின் இரு சிலைகளும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. படத்தில் கண்டதையே எதிர்பார்க்கும் வாங்குபவருக்கு இது குறையாகத் தோன்றலாம். கணினிவழி இயங்கும் இயந்திரங்கள் ஒரே வடிவைப் பலமுறை விரைவாகச் செதுக்க வல்லவை. திரையில் காணும் படத்தை மட்டும் கொண்டு இரண்டையும் வேறுபடுத்துவது கடினம். எனவே விலையில் மட்டும் போட்டியிட நேர்ந்தால் கைச்சிற்பி பின்தங்க வேண்டியிருக்கும். பொருள் எவ்வூரில் எவரால் செய்யப்பட்டது என்பதற்கான பதிவே அவருக்கு ஆதாரமாகிறது. குறியீட்டின் பயன் உண்மையில் சிற்பியைச் சேர்வது, அவர் தம் பெயரைப் பயனராகப் பதிவு செய்துகொள்வதையும் வாங்குபவர் அதனைக் கேட்டறிவதையும் பொறுத்ததாகும்.

இவற்றையும் பார்க்க

தம்மம்பட்டி மரச்சிற்பங்கள்
கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்கள்
கருப்பூர் கலம்காரி ஓவியங்கள்
பச்சைமலை