வெண்குருதிக் கதையும் கிள்ளான் போரும்



"ஐயா, மனிதன் கழுத்திலிருந்து வெள்ளை இரத்தம் வருமா?" என்று ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னைக் கேட்டான். எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் கோலாலம்பூரில் சின் சே சி யா ஆலயத்தைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் அது. அவனுக்கு விடை சொல்ல, சிலாங்கூர் உள்நாட்டுப் போரிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. கிள்ளான் போர் என்றும் அதனைக் கூறுவர்.

1867 முதல் 1874 வரை நடந்த அப்போரின் வேர், ஈயம். நல்ல சாலைகள் இல்லாத அக்காலத்தில் ஈயம் ஆற்று வழியாகவே கடலுக்குச் சென்றது. ஆகவே, கிள்ளான் ஆற்றின் முகத்துவாரம் யார் கையில் இருந்ததோ, அவருக்கே வரிப்பணம் சேர்ந்தது. அங்கு அதிகாரம் செலுத்திய ராஜா அப்துல்லாவை ராஜா மஹாடி 1867இல் விரட்டினார். சுல்தான் அப்துல் சமாட் தம் மருமகனான கெடா இளவரசர் தெங்கு குடினை 1868இல் தம் பிரதிநிதியாக நியமித்தார். சமரசம் கூடவில்லை, குடினே மஹாடியின் எதிரியானார். 1870இல் கிள்ளான் குடின் வசமாயிற்று.

பின்னர்ப் போர் உள்நாட்டுச் சுரங்கங்களை நோக்கித் திரும்பியது. கோலாலம்பூர்ச் சீனர் தலைவர் கப்பித்தான் யாப் ஆ லோய் குடின் பக்கம் நின்றார். 1872இல் சையத் மஷோரின் படை கோலாலம்பூரைக் கைப்பற்றியது. ஊர் எரிந்து பாழாயிற்று. கிள்ளானுக்குத் தப்பிய யாப் ஆ லோய், 1873 மார்ச்சில் பகாங் படையின் துணையோடு ஊரை மீட்டார். ஆனால், 1874இல் சிலாங்கூருக்குள் வந்து அமர்ந்ததோ ஆங்கிலேய ஆலோசகர்! இருவர் சண்டையில் மூன்றாமவர் பலன் கண்டார்.

இனி, அந்த வெண்குருதிக்கு வருவோம். ஆலயத்தில் வணங்கப்படும் சின் சே யா, சுங்கை ஊஜோங்கின் கப்பித்தான். யாப் ஆ லோய் முன்னர் அவரிடம் பணியாற்றியவர். 1860இல் அங்கு மூண்ட சண்டையில் அவர் தலை துண்டிக்கப்பட்டபோது வெண்குருதி பெருகியதாம். அவர் ஆவியே பிற்காலப் போர்களில் யாப் ஆ லோயை வழிநடத்தியது என்றும் நம்பினர். லங்காவியில் மலாய் மக்கள் மசூரியைப் பற்றியும் வெண்குருதிக் கதையே சொல்கிறார்கள்.

"தம்பி, இரத்தம் சிவப்புத்தான்," என்றேன். "இவர் குற்றமற்றவர் என்று சொல்ல விரும்பியவர்கள் அதை வெள்ளை என்றார்கள்." அவன் விடவில்லை. "அப்படியானால், ஈயம் தோண்டியவர்கள் செத்தபோது?" என்றான்.

அவர்களுக்கு அப்படி ஒரு கதை கிடைக்கவில்லை. கூலிகளின் பேரப்பிள்ளைகளாகிய நாம் வரலாறு படிக்கும்போது, அந்தப் பிள்ளையின் கேள்வியையும் உடன் வைத்துக்கொள்வோம்.