அலைவரிசையும் ஊர்க்குரலும்: தமிழகச் சமுதாய வானொலியில் தன்னார்வப் பங்கேற்பு

வான் அலைகள் பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் ஒலிபரப்பு உரிமை ஊர்மக்களை உடனே வந்தடையவில்லை. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே வழி திறந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘அண்ணா எஃப்.எம்.’ நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியாக ஒலிக்கத் தொடங்கியது. தொண்டு நிறுவனங்கள் 2006ஆம் ஆண்டுக் கொள்கை வெளிவரும்வரை காத்திருக்க நேர்ந்தது.

நிகழ்ச்சிகளில் குறைந்தது 50 விழுக்காடு உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும் என்பது அக்கொள்கையின் விதி. ஆகவே தன்னார்வலர் உழைப்பைச் செலவுக் குறைப்பு உத்தியாக மட்டும் மதிப்பிடுவது பொருந்தாது. அது உரிம நிபந்தனையோடு பிணைந்தது. (ஊதியம் பெறும் உள்ளூரார் பங்கேற்பும் இவ்விதியுள் அடங்கும் என்பது தனியே ஆராயத்தக்கது.) 2016இல் பாம்பனில் 90.4 மெகாஹெர்ட்சில் தொடங்கப்பெற்ற ‘கடல் ஓசை’ மீனவ மக்களை முன்னிறுத்திய நிலையம். அங்கே இவ்விதியின் மறுபக்கம் கூர்மையாகத் தெரிகிறது. பங்கேற்பை வலியுறுத்திய அதே கொள்கை, செய்திக்கும் நடப்பு விவகாரங்களுக்கும் தடை விதித்தது. கடலுக்குச் செல்பவருக்குக் காற்றின் வேகத்தைக் கூறலாம். அவர் நடுக்கடலில் கைதானால், அதனைத் திரட்டிச் செய்தியாக வாசிக்கும் உரிமை அவ்வூர்த் தன்னார்வலருக்கு இல்லை.