பன்வில மலைச்சாரலும் கோப்பியின் வீழ்ச்சியும்

கண்டி நகருக்கு வடகிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த பன்வில, மடுல்கலைப் பகுதிகள் இன்று தேயிலைக்குப் பெயர் பெற்றவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலோ அங்கே காடழித்து நடப்பட்டது கோப்பி. 1870களின் பிற்பகுதியில் இலங்கையில் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் அப்பயிர் பரந்திருந்தது.

ஒரு தோட்டம் நொடித்தால் மற்றொரு தோட்டம் ஈடுசெய்யும் என்பது கடன் கொடுப்போருக்கு இயல்பாகத் தோன்றும் கணக்கு. ஒன்றன் முடிவு மற்றொன்றைச் சாராது என்னும் எடுகோளே அதன் உயிர்நாடி. பத்துத் தோட்டங்களுள் ஒவ்வொன்றும் ஓராண்டில் அழியப் பத்தில் ஒரு வாய்ப்பு எனக் கொள்வோம். அவை ஒன்றையொன்று சாராவிடின், பத்தும் ஒருங்கே அழியும் வாய்ப்பு ஆயிரம் கோடியில் ஒன்றே. ஆயின், எல்லாவற்றையும் ஒருசேர வீழ்த்தவல்ல பொது அதிர்ச்சி ஒன்றுக்கு நூறில் ஒரு வாய்ப்பு இருக்குமாயின், பத்தும் அழியும் வாய்ப்பு நூறில் ஒன்றுக்குக் குறையாது. தோட்டங்களை நூறாகப் பெருக்கினும் பயனில்லை.

அத்தகைய அதிர்ச்சி 1869 இல் மடுல்சீமையில் தலைகாட்டிய இலைத்துரு நோயாகும். 1880 முதல் 1882 வரை அதனை ஆராய்ந்த ஹரி மார்ஷல் வார்ட், காற்றிற் பரவும் நுண்வித்துகளே நோயைக் கொண்டுசெல்வதைக் காட்டினார். மலைக்கு மலை ஒரே பயிர். காற்றுக்கு வேலி ஏது? தோட்டங்களோடு கடன் கொடுத்தோரும் சரிந்தனர். 1884 இல் ஓரியண்டல் வங்கி கதவடைத்தது. அதன் நாணயத்தாள்களுக்கு ஆளுநர் ஆர்தர் கோர்டன் அரசின் பொறுப்பை வழங்கியிராவிடின் மக்களின் கையிருப்பும் காகிதமாகியிருக்கும்.

வடக்கிலிருந்து மாத்தளைவரை காட்டுவழி நடந்து, கோப்பிப் பருவத்திற்கு வந்த தமிழகத் தொழிலாளருக்கு எந்த வங்கிக் கணக்கும் இருந்ததில்லை. அவர்களுடைய கூலியும் அதே இலையைத்தான் நம்பியிருந்தது. பின்னர் வந்த தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டியிருந்தமையால், குடும்பங்கள் லயன்களில் நிலைத்தன.

இவ்வாறு ஒரே அதிர்ச்சியால் பல உறுப்புகள் ஒன்றாய் முடிவுறுவதைக் கணிதத்தில் வகுத்தவர்கள் ஆல்பர்ட் மார்ஷலும் இங்கிராம் ஓல்கினும், ஆண்டு 1967. ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய தனி அதிர்ச்சிகளோடு, யாவற்றுக்கும் பொதுவான அதிர்ச்சியையும் அவர்கள் சேர்த்தனர். அவ்வதிர்ச்சிக்கு இடமளிக்கையில், இரு உறுப்புகள் ஒரே கணத்தில் வீழ்வது அரிய தற்செயலாகாது; அதற்கென ஓர் எண் உண்டு.

கோப்பி நின்ற சரிவுகளில் மீண்டும் ஒரே பயிரே நடப்பட்டது. 1946 இல் தேயிலையையும் கொப்புள நோய் தாக்கிற்று; அம்முறை தாமிர மருந்து கைகொடுத்தது.