துப்புரவுக் கருவியும் அதன் ஆயுளும்

1907-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் காண்டன் நகரில், ஓர் அங்காடியைப் பெருக்கித் துடைத்து வாழ்ந்தவர் ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர். அவர் ஆஸ்துமா நோயாளி. கம்பளத்தினின்று எழுந்த தூசி அவரது மூச்சை அடைத்தது. மின்விசிறி மோட்டார் ஒன்றைச் சோப்புப் பெட்டியில் பொருத்தி, விளக்குமாற்றுக் காம்பைப் பிடியாக்கி, தூசி சேரத் தலையணை உறையொன்றைக் கட்டினார். தூசி உறிஞ்சும் கருவி இலண்டனில் 1901-லேயே தோன்றிவிட்டது; ஆனால் ஹியூபர்ட் செசில் பூத் அமைத்த அது, குதிரை இழுத்துச் செல்லும் வண்டியளவு பெரியது. தனியொருவர் கையாளத்தக்க மின்கருவிக்கு வழிகோலியவர் ஸ்பாங்ளரே. 1908-இல் அவர் பெற்ற காப்புரிமையைத் தோல்பொருள் வணிகர் வில்லியம் ஹூவர் வாங்கினார். ஆங்கிலேயர் இன்றும் அக்கருவியை ஹூவரின் பெயராலேயே அழைக்கின்றனர்; துப்புரவாளரின் பெயரை நினைப்பார் சிலரே!

அக்கருவியில் அவருக்குப் புரியாத உறுப்பு எதுவுமில்லை. பின்வந்த கருவிகளிலும் நெடுங்காலம் தேய்ந்தவை பெல்ட்டும் தூரிகையும் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷும்தாம். திருகாணியைக் கழற்றி அவற்றை மாற்றிவிடலாம். 1981-இல் இங்கிலாந்தில் பிறந்த 'ஹென்றி' இம்மரபைச் சேர்ந்தது: ஒரு தொட்டி, ஒரு பை, மேலே ஒரு மோட்டார், அவ்வளவே. 1993-இல் ஜேம்ஸ் டைசன் பையில்லாக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தார். பை நிறைய நிறைய உறிஞ்சும் ஆற்றல் குன்றும் குறையை அது நீக்கியது. இந்நன்மையை மறுத்தல் முறையன்று. எனினும் அடுத்து வந்த கம்பியில்லாக் கருவிகளின் ஆயுள் லித்தியம் மின்கலத்தைச் சார்ந்தது. மோட்டார் நன்றாயிருக்கையிலேயே மின்கலம் தளர்ந்துவிடும். மாற்று மின்கலம் கிடைக்குமா என்பதே அங்குக் கேள்வி. பயன்படுத்துவோர்க்கும் இதில் பங்குண்டு: அடைபட்ட வடிகட்டியோடு ஓட்டினால் காற்றோட்டம் குறைந்து மோட்டார் சூடேறும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் இயற்றிய விதி, 2017 முதல் மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும், குழாய் 40,000 முறை வளைந்தும் கெடலாகாது என்றது. வாரம் ஒரு மணி நேரம் ஓட்டினால் 500 மணி நேரமென்பது ஏறத்தாழப் பத்தாண்டு. நல்ல விதிதான். ஆயினும் சிறு பிளாஸ்டிக் தாழ் உடைந்து, மாற்றுத்தாழ் கிட்டாமல் கருவி முழுதும் குப்பைக்குப் போகுமெனில் மோட்டாரின் உறுதியால் என்ன பயன்? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் கண்டித்த தூக்கியெறியும் கலாச்சாரம் இத்தகைய சிறு தாழில் தொடங்குகிறது எனலாம்.

பிரான்சு நாடு 2022-இல் இக்கருவிகளுக்குப் பழுதுநீக்கும் எளிமையைப் பத்துக்கு இத்தனை மதிப்பெண் எனக் குறிப்பதைக் கட்டாயமாக்கியது. பிரித்தல் எளிதா, உதிரிப்பாகம் கிடைக்கிறதா, விலையென்ன என்பனவும் அதில் கணக்கிடப்பட்டன. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பித்த ஆணையின் பட்டியலிலும் இக்கருவி உள்ளது. உத்தரவாதக் காலம் கடந்தபின்னும், கேட்போர்க்கு உற்பத்தியாளர் நியாயமான விலையில் பழுதுநீக்கித் தரவேண்டும் என்கிறது அவ்வாணை. அது நடைமுறைக்கு வரக் குறித்த நாள் 2026 ஜூலை 31.