குழல்மேல் குறி: காஜாங் தோட்டப்புறத்தில் ஷாட்கன்னும் குறிபார்க்கும் முறையும் – ஒரு வரலாற்று ஆய்வு

1. ஆய்வின் கேள்வி

வான்கோழி வேட்டைக்குப் போகும் ஷாட்கன்னில் ஸ்கோப் பொருத்துவதா, திறந்த குறியே போதுமா என்பது அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே நெடுநாளாக நடக்கும் வழக்கு. மலேசியாவில் வான்கோழி பண்ணையில் வளரும் பறவை; அதை வேட்டையாட இங்கே காடு கிடையாது. ஆனால் அவர்கள் தோளில் ஏற்றும் அதே வகைத் துப்பாக்கி தீபகற்பத்தின் தோட்டங்களில் நூறாண்டுக்கு மேலாகப் புழங்கி வந்திருக்கிறது. காப்பி, ரப்பர், செம்பனை என மூன்று பயிர்களையும் 1948–1960 அவசரகாலத்தையும் கண்ட, சிலாங்கூரின் காஜாங் வட்டாரத்தை முன்வைத்து, அந்தத் துப்பாக்கியின் குறி ஏன் இவ்வளவு குறைவாக மாறியது என்று இக்கட்டுரை ஆராய்கிறது.

குழலிலிருந்து புறப்படுவது என்ன, இலக்கு எவ்வளவு தொலைவில் நிற்கிறது, இடையில் எவ்வளவு தழை இருக்கிறது ஆகிய மூன்றுமே குறியைத் தீர்மானித்தன என்பது இதன் வாதம். துப்பாக்கியை யார் வைத்திருக்கலாம் என்ற சட்டம் நான்காவது காரணம். தமிழர்களின் அனுபவத்தில் அதுவே முதற்காரணம்.

2. ரவைப் பரவலும் குறியும்

ரைஃபிள் ஒரு தோட்டாவுக்கு ஒரே குண்டை அனுப்புகிறது. ஷாட்கன்னின் மழமழப்பான குழல் ரவைக் கூட்டத்தையே அனுப்புகிறது. குழலின் வாய் சற்றும் ஒடுங்காமல் இருந்தால், 40 கஜத்தில் வைத்த 30 அங்குல வட்டத்துக்குள் ஏறத்தாழ 40 விழுக்காடு ரவைகள் விழும். முழுச் சோக், அதாவது வாய் நன்றாக ஒடுங்கிய குழல், அதே வட்டத்துக்குள் 70 விழுக்காட்டைச் சேர்க்கும். கூட்டம் விரிந்தால் குறியில் நேரும் சிறு பிழையை அந்த விரிவே ஈடுகட்டிவிடும். ஒடுங்கினால் பிழைக்கு இடமில்லை.

பறக்கும் பறவையைச் சுடுபவர் குறியைப் பார்ப்பதில்லை, பறவையைத்தான் பார்க்கிறார். துப்பாக்கிக் கட்டையில் கன்னம் சரியாகப் பதிந்தால் கண்ணே பின்குறியாகிறது. இரட்டைக் குழல்களுக்கு நடுவே மேடான பட்டையை வைத்து, கண்ணுக்கு வழிகாட்டும் முறைக்கு லண்டன் துப்பாக்கிக் கலைஞர் ஜோசப் மேன்டன் 1806இல் காப்புரிமை பெற்றார். அந்தப் பட்டையும் முனையில் ஒரு சிறு பித்தளை மணியும் போதுமென்று 19ஆம் நூற்றாண்டு முழுவதும் கருதப்பட்டது.

3. துரைமார் கொண்டுவந்தவை

1890களின் நடுவில், காஜாங்கின் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் காப்பிக்கிடையே ரப்பர் கன்றுகளை நட்டனர். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்ட முன்னோடித் தோட்டங்களுள் அது ஒன்று. காட்டைத் திருத்தி எழுந்த இத்தகைய தோட்டங்களின் ஓரங்களில் காட்டுப்பன்றியும் மானும் இரவில் இறங்கின. இளங்கன்றுகளைக் காக்கவும் பொழுதுபோக்கவும் தோட்டத்துரைமார் 12 போர் இரட்டைக்குழலை வைத்திருந்தனர்.

காட்டெருமையும் யானையும் உலவிய காட்டில் ரவை உதவாது. அதே குழலிலிருந்து ஒற்றைக் குண்டையும் சுட வேண்டும் என்ற தேவைக்கு, இந்தியாவில் பணியாற்றிய படை அதிகாரி ஜார்ஜ் ஃபாஸ்பெரி 1885இல் விடை கண்டார். குழலின் கடைசி அங்குலங்களில் மட்டும் சுருள்வரி வெட்டிய அந்தத் துப்பாக்கியை ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் ‘பாரடாக்ஸ்’ என்ற பெயரில் விற்றது. அது ரவையையும் சுடும். நூறு கஜம் வரை ஒற்றைக் குண்டையும் நம்பிக்கையோடு அனுப்பும். முன்முளையோடு வெட்டுள்ள பின்குறியும் அதில் இருந்தது. நம் ஆய்வுக்கு இது முக்கியமான சான்று: புறப்படுவது ஒற்றைக் குண்டு என்று ஆனவுடனே மணி போதாமல் போயிற்று, திறந்த குறி ஏறியது.

அக்காலத்தின் பெருவிலங்கு வேட்டையைப் பதிவு செய்தவர் தியோடர் ஹப்பக். கூட்டரசு மலாய் மாநிலங்களில் யானை, காட்டெருமை வேட்டை பற்றிய அவருடைய நூல் 1905இல் வெளிவந்தது. பின்னாளில் இதே மனிதர் வனவிலங்குக் காப்பின் முதன்மைக் குரலானார். 1930களின் தொடக்கத்தில் மலாயாவின் வனவிலங்கு ஆணையத்தை நடத்தினார். இன்று தாமான் நெகாரா எனப்படும் பூங்கா அமைய அவருடைய உழைப்பே அடிப்படை.

4. துப்பாக்கி இல்லாத வேட்டை

லயத்தில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளியின் கையில் இந்தத் துப்பாக்கி இல்லை. அவருக்குக் கிடைத்தவை கம்பிக் கண்ணி, வேட்டை நாய், ஈட்டி. காஜாங் அடங்கிய உலு லங்காட் மாவட்டத்தின் தெமுவான் பூர்வக்குடியினர் ஊதுகுழலால் குரங்கையும் பறவையையும் வீழ்த்தினர். அதில் குறி என்ற உறுப்பே கிடையாது, கண்ணும் மூச்சும் பயிற்சியும்தான்.

வான்கோழி வேட்டைக்கு மிக நெருங்கிய உள்ளூர் முறை மலாய்க்காரர்களின் காட்டுக்கோழி வேட்டை. பழக்கிய சேவலைக் கட்டிக் கூவவிடுவார்கள். தன் எல்லையில் வேறு சேவல் புகுந்துவிட்டதென்று சினந்து காட்டுச்சேவல் நெருங்கி வரும். சுற்றிலும் நட்டிருக்கும் ‘ராச்சிக்’ எனும் சுருக்குக் கண்ணி வரிசையில் அதன் கால் மாட்டும். அமெரிக்க வேட்டைக்காரர் பெட்டைக் குரலைப் போலி செய்து வான்கோழிச் சேவலை வரவழைப்பதும் இதே தத்துவம்தான். இருவருமே தொலைவைக் குறைப்பதில்தான் திறமையைக் காட்டுகிறார்கள்.

5. அவசரகாலம்: 1948–1960

கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் கிளர்ச்சியை எதிர்த்து 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் ஷாட்கன் வேட்டைக் கருவி என்ற நிலையைக் கடந்தது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்று விதி வந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, ரவாங் அருகே கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டு, 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தோட்டத் தமிழரிடையே துப்பாக்கி பற்றி வேரூன்றிய அச்சத்தை இந்நிகழ்வைத் தவிர்த்துவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

காஜாங் அன்று போர்க்களத்தின் நடுவே இருந்தது. ‘காஜாங்கின் தாடிக்காரப் பயங்கரன்’ என்று பெயரெடுத்த கெரில்லாத் தலைவர் லியூ கோன் கிம் 1952 ஜூலையில் கோல லங்காட் சதுப்புக்காட்டில் சஃபோக் படையணியால் சுட்டுக் கொல்லப்பட்டார். காட்டோர மக்களைக் கெரில்லாக்களிடமிருந்து பிரித்துக் குடியமர்த்த, காஜாங்கின் சுங்கை சுவா உள்ளிட்ட புதுக்கிராமங்கள் எழுந்த காலம் அது. நாடெங்கும் புதுக்கிராம ஊர்க்காவல் படையினருக்கு ஷாட்கன் வழங்கப்பட்டது.

காட்டு ரோந்திலும் ஷாட்கன்னுக்கு இடம் கிடைத்தது. மலாயா அனுபவத்தை ஆராய்ந்த பிரிட்டிஷார், 30 கஜத்துக்குள் மனித அளவு இலக்கில் படும் வாய்ப்பு மற்றெல்லா ஆயுதங்களையும்விட ஷாட்கன்னுக்கே மிகுதி என்று கண்டனர். ரைஃபிளோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ இரு மடங்கு. அந்தத் துப்பாக்கிகளின் முனையில் இருந்தது மணி ஒன்றே. தழைக்குள் ஒரு நொடி தோன்றி மறையும் உருவத்தைச் சுடுபவருக்கு, முன்முளையையும் பின்வெட்டையும் ஒரே கோட்டில் சேர்க்க நேரம் ஏது?

6. ஸ்கோப் எங்கே பிறந்த தேவை

அமெரிக்காவில் கதை வேறு திசையில் போனது. 1940களின் நடுவில் ‘நைடார்’ என்ற ஒளிப்பிரதிபலிப்புக் குறி ஷாட்கன்னுக்காகவே விற்பனைக்கு வந்தது. 1975இல் சுவீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் மின்கலத்தில் இயங்கும் செம்புள்ளிக் குறியை அறிமுகப்படுத்தியது. இதற்கிடையே, அருகிப்போயிருந்த காட்டு வான்கோழியை அந்நாட்டவர் பிடித்துப் பிற காடுகளில் விட்டு மீட்டெடுத்தனர். வேட்டைப் பருவம் திரும்பியது.

வான்கோழியின் உடலில் அடர்ந்த இறகும் தசையும் ரவையைத் தாங்கிவிடும். ஆகவே தலையும் கழுத்தும்தான் இலக்கு. அதற்காக மிகவும் ஒடுங்கிய சோக்குகள் செய்யப்பட்டன. அவற்றில் 20 கஜத்தில் ரவைக்கூட்டம் ஒரு தட்டின் அகலத்துக்கே நிற்கும். ரைஃபிள்போல் அசையாத இலக்கைக் குறிவைக்கும் நிலை ஷாட்கன்னுக்கு வந்துவிட்டது. தலையைச் சரியாகத் தாழ்த்தாமல் மணியை மட்டும் பார்த்துச் சுட்டால் ரவை மேலே போய்விடும். ஸ்கோப்போ செம்புள்ளியோ அந்தப் பிழையைப் பெரிதும் தடுக்கிறது. பாரடாக்ஸில் கண்ட விதியே நூறாண்டு கழித்து இங்கும் செயல்பட்டது.

காஜாங், செமினி பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் அந்தத் தேவை எழவில்லை. பன்றிக்குப் போடும் எஸ்ஜி தோட்டாவில் ஒன்பது வாக்கில் பெரிய குண்டுகள் இருக்கும். தலைவிளக்கின் வெளிச்சத்தில், மட்டைகளுக்கிடையே, சில பத்துக் கஜத்தில் சுடுவதே வழக்கம். ‘செனாப்பாங் பாத்தா’ எனும் ஒற்றைக்குழல் மடக்குத் துப்பாக்கியும் அதன் மணியும் அதற்குப் போதுமானவை.

7. சட்டம் வரைந்த எல்லை

அவசரகாலம் முடிந்த 1960இலேயே ஆயுதச் சட்டம் வந்தது. காவல்துறை உரிமம் இன்றித் துப்பாக்கி கிடையாது. 1971இல் துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனை கடுமையாக்கப்பட்டது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தை 2010இன் வனவிலங்கு வளங்காப்புச் சட்டம் பிடித்தது. வேட்டை உரிமத்தைப் பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறை வழங்குகிறது. இவ்வளவு இறுக்கத்தில், ஆயுதத்துக்கு விதவிதமான குறிகளை மாற்றிப் பார்க்கும் வாடிக்கையாளர் கூட்டமோ அதை நம்பிய சந்தையோ இங்கே வளர வழியில்லை.

8. முடிவுரை

ஸ்கோப் முன்னேற்றம், மணி பழமை என்று வரிசைப்படுத்துவது வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. விரிந்த ரவைக்கு மணி, ஒற்றைக் குண்டுக்குத் திறந்த குறி, ஒடுங்கிய ரவைக்கு ஸ்கோப் என்று ஒவ்வொன்றும் தன் தேவையிலிருந்து பிறந்தது. ஆகவே ஷாட்கன்னுக்கு எந்தக் குறி என்று கேட்பவர், தன் துப்பாக்கியின் ரவைப் பரவலைத் தாளில் சுட்டு அளந்துவிட்டு, தன் இலக்கின் தொலைவையும் அறிந்துகொண்டு தேர்வதே முறை.

எல்லாக் குறிக்கும் முந்தியது ஒன்றுண்டு. பன்றி என்று எண்ணி உடன்வந்தவரையே சுட்டுவிட்ட செய்திகள் மலேசிய நாளிதழ்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. அவ்விபத்துகளில் பிழை இலக்கை அடையாளம் காண்பதில் நேர்ந்தது. குறிவைத்த திறமையில் குறையில்லை. ஸ்கோப் வழியே பார்த்து இலக்கை அடையாளம் காண முயல்பவர், அடையாளம் தெரியாத ஒன்றின்மீது துப்பாக்கியை ஏற்கெனவே நீட்டிவிட்டார். எதிரே நிற்பது என்ன என்று கண்ணால் உறுதி செய்யும்வரை குழல் தாழ்ந்தே இருக்க வேண்டும். எந்தக் குறியைப் பொருத்தினாலும் இவ்விதிக்கு விலக்கில்லை.