தலைத்தோலிலிருந்து மூளைப் படத்துக்கு: ஈஈஜி மின்முனைகளின் இடப்பொருத்த வரலாறு

முன்னுரை

ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். ஓர் அலை எப்போது எழுந்தது என்பதை ஈஈஜி எனப்படும் இப்பதிவு மில்லிநொடித் துல்லியத்தில் காட்டும். தலைத்தோலில் ஒட்டிய மின்முனைக்கு அடியில் மூளையின் எந்தப் பகுதி இருக்கிறது என்பதை அது காட்டாது. அந்த இடத்தை அறிய அளவு நாடா, சிடி, எம்ஆர்ஐ எனக் கருவிகள் அடுத்தடுத்து வந்தன. ஆனாலும் மண்டையோட்டின் சில குறிகள் இன்றுவரை நீடிக்கின்றன. பிழையும் ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

நாடாவும் விழுக்காடும்

1947இல் லண்டனில் கூடிய பன்னாட்டு ஈஈஜி மாநாட்டைத் தொடர்ந்து, மின்முனைகளுக்குப் பொது ஒழுங்கு வகுக்கும் பணி மான்ட்ரியாலின் ஹெர்பர்ட் ஜாஸ்பரிடம் வந்தது. 1958இல் வெளியான 10-20 முறை நான்கு குறிகளில் தொடங்குகிறது: மூக்கின் வேர், பின்மண்டைப் புடைப்பு, இரு காதுகளுக்கும் முன்னுள்ள பள்ளங்கள். மூக்கின் வேரிலிருந்து பின்மண்டைப் புடைப்பு வரையுள்ள தொலைவு 10, 20, 20, 20, 20, 10 விழுக்காடுகளாகப் பிரிக்கப்படுகிறது. சென்டிமீட்டருக்குப் பதில் விழுக்காட்டைக் கொண்டதால் குழந்தையின் தலைக்கும் பெரியவரின் தலைக்கும் ஒரே முறை போதுமானதாயிற்று. ஒற்றை எண்கள் இடப்பக்கம், இரட்டை எண்கள் வலப்பக்கம். எழுத்துகள் பெரும்பாலும் மூளை மடல்களைக் குறித்தன. மண்டையோட்டின் விகிதத்தையே மூளையும் பின்பற்றும் என்பது இம்முறையின் அடிப்படை அனுமானம்.

படங்கள் வைத்த சோதனை

இந்த அனுமானத்தை உயிருள்ளவர்களிடம் சோதிக்க சிடி வழிவகுத்தது. 1987இல் ஹோமனும் உடன் ஆய்வாளர்களும் மின்முனைகளுக்கு அடியிலுள்ள புறணிப் பகுதிகளை சிடி படங்களில் கண்டறிந்தனர். 1993இல் டவுல் குழுவினர் எம்ஆர்ஐ படங்களைக் கொண்டு அவ்வாறே ஆராய்ந்தனர். ஒரே பெயருள்ள மின்முனை ஆளுக்கு ஆள் சற்று வேறுபட்ட இடத்தின் மேல் அமைவது புலப்பட்டது. பெயரும் எப்போதும் நம்பத்தக்கதன்று: முன்மடலின் எழுத்தைத் தாங்கிய எஃப்-7, முன்பொட்டு மடலின் அலைகளையும் பதிவு செய்கிறது.

பொருத்தும் கலை

மின்காந்த எழுத்தாணிகளால் ஒவ்வொரு மின்முனையின் முப்பரிமாண இடத்தையும் குறிக்க முடிந்தபின், அந்தப் புள்ளிகளை அதே ஆளின் எம்ஆர்ஐயோடு பொருத்துவதே சிக்கலாயிற்று. இதற்கு மூன்று நகர்வுகளும் மூன்று சுழற்சிகளும் தெரிந்தால் போதும். எலும்புக் குறிகளில் வைட்டமின் ஈ மாத்திரை ஒட்டிப் படமெடுத்தால் அவை படத்தில் வெண்மையாகத் தெரியும். 1992இல் பெஸ்லும் மெக்கேயும் முன்வைத்த அண்மைப் புள்ளி வழிமுறை, தலையின் பரப்பையே பொருத்த உதவியது. ஆனால் உச்சந்தலையில் மட்டும் புள்ளிகள் எடுத்தால், பந்தின் மேல் கவிழ்த்த கிண்ணம்போல் அந்தப் பரப்பு வழுக்கிச் சுழலும். மூக்குத்தண்டிலும் புருவ மேட்டிலும் எடுக்கும் புள்ளிகளே பிடிப்பைத் தருகின்றன.

அச்சுகளின் குழப்பம்

தனிப்படம் இல்லாதவர்களுக்கு மாற்றுவழியும் உருவானது. 2001இல் ஊஸ்டன்வெல்டும் பிராம்ஸ்த்ராவும் 10-20 முறையை 345 இடங்கள்வரை விரித்தனர். 2004இல் ஒகமோட்டோ குழுவினர் 17 பேரின் எம்ஆர்ஐயைக் கொண்டு 10-20 புள்ளிகளை மான்ட்ரியால் சராசரி மூளையின் ஆயங்களில் குறித்தனர்.

இதற்குள் பிழை வேறிடம் புகுந்துவிட்டது. தலையின் ஆய அச்சுகளை வகுக்கும் மரபுகள் வேறுபடுகின்றன. சிடிஎஃப் மரபில் ஆயத்தின் தொடக்கப்புள்ளி இரு காதுப் புள்ளிகளின் நடுவே அமையும். முதல் அச்சு மூக்கை நோக்கும். நியூரோமாக் மரபில் முதல் அச்சு வலக்காதை நோக்கும். எந்த மரபு என்று எழுதாமல் கோப்பைக் கைமாற்றினால் தலையே திரும்பிவிடும். ஆகவேதான், மின்முனை இடங்களைத் தரும்போது அவற்றின் ஆய அமைப்பையும் குறிக்க வேண்டும் என்று 2019இல் வெளியான ஈஈஜி-பிட்ஸ் எனும் தரவுத் தரநிலை விதித்தது.

முடிவுரை

வலிப்பு அறுவைச் சிகிச்சைக்கு முன் அலையின் மூலத்தைத் தேடும் மருத்துவருக்கு நோயாளியின் சொந்த எம்ஆர்ஐ தேவை. பலரை ஒப்பிடும் ஆய்வுக்குச் சராசரி மூளை பெரும்பாலும் போதும். இரண்டிலும் காதுமுன் பள்ளத்தின் எந்தப் புள்ளியை ஆய்வாளரின் விரல் தொட்டது என்பது முடிவைப் பாதிக்கிறது. படத்தின் கூர்மையைப் பதிவு செய்யும் கட்டுரைகள் அந்தப் புள்ளியின் வரையறையையும் பதிவு செய்தாக வேண்டும்.