ரேகை பதிய மறுத்தவர்கள்: கோலார் தங்கவயல், 1930

கோலார் தங்கவயலின் வரலாற்றில் 1930ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் தனித்து நிற்கிறது. தொழிலாளர் அனைவரையும் விரல்ரேகையுடன் பதிவுசெய்ய ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிர்வாகம் முற்பட்டது. பல்லாயிரவர் சுரங்கத்துள் இறங்க மறுத்தனர். அப்போது அவர்களுக்கென்று வலுவான தொழிற்சங்கம் ஏதுமில்லை.

அதுவரை அடங்கி உழைத்த மக்கள் திடீரெனக் கலகக்காரர் ஆனது எப்படி? கேள்வியே பிழையானது. பாறை வெடிப்பு எந்நேரமும் நிகழக்கூடிய ஆழத்தில், அனல் காற்றில், மேஸ்திரியின் சொல்லுக்கும் வெடிவைப்பு எச்சரிக்கைக்கும் கட்டுப்படுவது பணிவுச் சுபாவம் அன்று, உயிர்காக்கும் வழி. பக்கத்திலிருப்பவன் தவறினால் தானும் மாள வேண்டிய இடம் அது. அங்கே கண்ட கீழ்ப்படிதலைத் தொழிலாளரின் இயல்பெனக் கொண்டால், மேலே அவர்கள் காட்டிய மறுப்பு விளங்கவே விளங்காது.

ரேகை என்றால் என்ன பொருள் என்பதை அக்காலத் தமிழர் அறிந்தே இருந்தனர். குற்றப்பரம்பரைச் சட்டம் அதைக் குற்றவாளியின் முத்திரையாக்கியிருந்தது. பெருங்காமநல்லூரில் ரேகைப் பதிவை எதிர்த்தவர்கள் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுக்கொல்லப்பட்டனர். தங்கவயலுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வடஆற்காடு முதலிய பகுதிகளின் ஒடுக்கப்பட்ட சாதியினர்; ஊர்ப் பண்ணையடிமையிலிருந்து தப்பிக் கூலியென ரொக்கம் கண்டவர்கள். லைன்களில் தட்டி வீடுதான் கிடைத்தது என்றாலும், ஊரில் கிடைக்காத ஒரு தலைநிமிர்வு அங்கே இருந்தது. பொன் திருடுபவர் என்ற ஐயத்தை ஒவ்வொரு கைவிரலிலும் பதிக்கும் ஆணை அந்தத் தலைநிமிர்வைத்தான் தொட்டது.

ஆயினும் சூழலே எல்லாம் என்று சொல்லிவிட முடியாது. ஒரே லைனில், ஒரே கூலியில் வாழ்ந்தோர் எல்லாரும் ஒன்றுபோல் நடப்பதில்லை. மாரிகுப்பத்தில் தமிழ்ப் பௌத்தம் வேரூன்றியிருந்தது. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் 1914இல் மறைந்த பின், 1920களில் தங்கவயலிலிருந்து மீண்டும் வந்தது. அதை நடத்தியவர் ஜி. அப்பாதுரையார். எல்லாருக்கும் வாய்த்த சூழலை எழுத்தாகவும் வாதமாகவும் மாற்றியது அவரைப் போன்ற சிலரின் தனி இயல்பு. அந்த எழுத்தே வேலைநிறுத்தத்தை நடத்தியது எனல் மிகை. தம்மைக் குற்றவாளியாக எண்ண மறுக்கும் மனம் அந்த மண்ணில் ஏற்கெனவே வளர்ந்திருந்தது என்பதுவரை கூறலாம்.

வேலைநிறுத்தம் ஏறத்தாழ மூன்று வாரம் நீடித்தது. சங்கங்கள் அங்கு நிலைபெற்றது 1940களில்தான்.